கதவில்லாத கார்

அப்பா வேலை முடிந்து வருவதைக் காதுக்கு முன்னால் மூக்குதான் எங்களுக்குச் சொல்லும். அளவுக்கு மீறிக் கனிந்துவிட்ட வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் கலந்தது போன்ற ஒரு வாசனை, தெருமுனையிலிருந்தே அவருக்கு முன்னால் நடந்து வந்துவிடும். காருக்கு அடிக்கும் பெயிண்டில் கலக்கிற "தின்னர்" வாசனை அது. எத்தனை முறை சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. அம்மா அவருடைய சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க மாட்டாள். "ஒங்க சட்டைய கொடியில போட்டா கொசு ஊரக் காலி பண்ணிட்டுப் போயிரும்" என்பாள். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு வேலை ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில். அடிபட்டு வரும் கார்களின் பள்ளங்களில் "பட்டி" என்கிற பசையை அப்பி, காய்ந்ததும் வழவழவென்று தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்து, விபத்து நடந்ததே தெரியாமல் திருப்பி அனுப்புவது அவர் தொழில். ஒரு வண்டியில் வேலை தொடங்குவதை அங்கே "கை வைக்கிறது" என்பார்கள். "அண்ணாச்சி, நம்ம வண்டியில கை வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆட்கள் உள்ளே நுழைவார்கள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மாவுக்குப் பஸ்ஸின் ஊர்ப் பலகையை எழுத்துக்கூட்டத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பின் கடைசிவரை போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் சற்று உயர்ந்துவிடுவதாகத் தோழிகள் சொல்கிறார்கள், உயரட்டும். அந்தப் பெருமை அப்பாவுக்கும் உண்டு. ஆனால் என் படிப்புக்குள் அவர் வந்து நிற்பதற்கு இடம்தான் இல்லை. நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவித் தருவார். ஊசி மாதிரி சீவிய முனை தாளில் பட்டதும் ஒடிந்துபோகும். மறுபடியும் வாங்கிச் சீவுவார். அதற்குமேல் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் கண்காட்சி ஒன்று வைத்தார்கள். ஆளுக்கொரு வாகனம் செய்து கொண்டுபோக வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாயிடம் அம்மாவோடு அட்டையும் பசையும் வாங்கப் போன இடத்தில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். அவருடைய தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒன்று. மேலே ஒரு சிவப்புக் கார் படம்; திறந்தால், வெள்ளை பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னத் துண்டுகள்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், ஒடஞ்ச காரப் பிள்ள தலையில கட்டுதீய?" என்றாள்.

"ஒடஞ்சது இல்ல தாயி, இன்னும் சேராதது. ஒங்க மக சேத்தா காரு, சேக்காட்டி குப்பை" என்றார் பாய்.

சேர்த்தேன். பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் இருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்தென்று தெரியவில்லை. படங்களைப் பார்த்துப் பார்த்து, விரலோடு விரல் ஒட்டிக்கொள்ள, சக்கரம், இருக்கை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வைத்தேன். அப்பா தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, கிட்ட வரவில்லை. பெட்டியின் ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது: பெயிண்ட் இதில் இல்லை, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அதை வாசித்துப் பொருள் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னது, பெயிண்டா? ஏட்டி, அத இங்க கொண்டா."

என் பள்ளிக்கூடத்து விஷயம் ஒன்றில் அவருக்குத் தெரிந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. காரை இரண்டு கையாலும் வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வர்ற ஞாயித்துக்கெழம இதுல கை வச்சிருவோம்" என்று, ஏதோ மில் முதலாளி வீட்டு வண்டிக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. ஒரு பெரிய காருக்குக் கலந்து மிஞ்சிய மெரூன் நிறத்தை எடுத்துத் தின்னர் ஊற்றிக் கலக்கினார். எனக்கு மூக்கில் கைக்குட்டை கட்டிவிட்டார். துப்பாக்கி மாதிரி இருக்கும் அந்தக் கருவியைப் பிடித்து முதல் "கோட்" அடித்தபோது கார் ஈர மாதுளை மாதிரி மின்னியது. நான் கைதட்டினேன். கைதட்டி முடிப்பதற்குள் காரின் கூரையில் ஒரு சுருக்கம் ஓடியது. பிறகு இன்னொன்று. எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கூரை முழுவதும் நெளிந்து, நடுவில் குழிந்து அமிழ்ந்துபோனது.

அப்பா கருவியைக் கீழே வைத்தார். "என்னட்டி இது, வெண்ணெயில செஞ்சிருக்கானுவளா?" என்றார். சிரிக்க முயன்றார்.

அடிபட்ட வண்டிக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். குழிவிலும் சுருங்கிய பக்கங்களிலும் பட்டி அப்பினார். காயவைத்துத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தார். மறுபடி அப்பினார், தேய்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் மிக லேசாக, பனி இறங்குவதுபோல மெரூனை அடித்தார். சாயங்காலம் பார்த்தால் காரில் முகம் தெரிந்தது. அத்தனை பளபளப்பு. திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்:

"ஏட்டி, கதவு எங்க?"

கதவைக் காட்டும் மெல்லிய கோடுகள் எல்லாம் பட்டிக்கு அடியில் போயிருந்தன. "இதுல ஜன்னல் வழியாத்தான்ப்பா ஏறணும்" என்றேன். இருவரும் ஊர் வந்து சேரும்வரை சிரித்தோம்.

கண்காட்சிக்கு அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். பிள்ளைகள் செய்த அட்டை பஸ், தீப்பெட்டி ரயில்களுக்கு நடுவில் எங்கள் கார் ஒன்றுதான் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தது. "இது காரா, குளிக்கிற சோப்பா?" என்று ஒருத்தி கேட்டாள், நான் அவளைப் பொருட்படுத்தவில்லை. டீச்சர் வந்து காரைக் கையில் எடுத்தார். "ஃபினிஷிங் பிரமாதமா இருக்கே! கடையில குடுத்துப் பண்ணினதா?" என்றார்.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "இல்ல டீச்சர், நாந்தான் பண்ணுனேன்" என்றார்.

அவர் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. போட்டி பிள்ளைகளுக்குத்தான் என்பது அவருக்குத் தெரியாது. வேலையைப் பார்த்து ஒருவர் கேட்டால், செய்தவன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

"ஒட்டுனதெல்லாம் நாந்தான் மிஸ்" என்று நான் அவசரமாகச் சொன்னேன். டீச்சர் கோபப்படவில்லை. அவர் நல்லவர். அப்பாவைப் பார்த்து மிகவும் பொறுமையாகத்தான் சொன்னார்: "பிள்ளைங்க தானா செஞ்சாத்தான் மார்க்குங்க. படிக்கிற பிள்ளை விஷயத்துல நீங்க கை வைக்கக் கூடாது, சரியா?" காரை மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் இருந்த பெஞ்சில் வைத்தார்.

"சரிங்க டீச்சர். தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார் அப்பா. "கை வைக்கக் கூடாது" என்ற அதே சொல்லை அடுத்த ஷெட்டுக்காரன் ஒருவன் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சண்டையே நடந்திருக்கும்.

வீட்டில் அம்மா, "ஒரு பொம்மக் காருக்கு இம்புட்டு ரோசமா!" என்று கேலி செய்தாள். ஆனால் அது ரோசம் இல்லை. அவர் டீச்சர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அதன்பிறகு பென்சில்கூடச் சீவித் தரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது, எந்தக் கல்லூரி, விடுதியா வீடா, எதைக் கேட்டாலும் "ஒனக்குத் தெரியாததாம்மா" என்பதுதான் பதில். நான் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். என்னை அவர் "ஏட்டி" என்று கூப்பிடுவது எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். நின்ற நாளில் எனக்கு அது தெரியவில்லை.

அந்த வகை பிளாஸ்டிக்குக்குக் கார்த் தின்னர் ஆகாது, உருக்கிவிடும் என்று கல்லூரியில் படிக்கும்போது எங்கேயோ வாசித்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து ஓடிவந்து சொன்னேன். "தப்பு ஒங்க மேல இல்லப்பா, தின்னர் மேல." அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "படிச்சிருந்தா மொதல்லயே தெரிஞ்சிருக்கும்" என்றார். இதற்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

பாயின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். வீடு மாறியபோது கார் எந்தச் சாக்கில் போனதென்று தெரியவில்லை. நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கினேன். போன மாதம் அதை ஒரு மதில் முனையில் உரசிவிட்டேன். பக்கவாட்டில் ஒரு முழ நீளத்துக்கு, தகரம் தெரியும்படி கீறல். அப்பாவிடம் காட்டி, "ஒரு கோட் அடிச்சுக் குடுங்கப்பா" என்றேன்.

குனிந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். விரல் கீறலுக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது. "கம்பெனியிலயே குடுத்துரும்மா. அவிய மிஷின்ல கலர் பாத்து அடிப்பாக" என்று எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக்காரரின் பைக் டேங்கை வாசலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை. தினமும் சாயங்காலம் வந்ததும், கீறல் அவர் உட்காரும் பக்கம் தெரியும்படி வண்டியை நிறுத்துகிறேன். அவர் பார்க்கிறார். "சாப்பிட்டியாம்மா" என்கிறார். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த இடம் துருப்பிடிக்கும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.