மேசையைத் தூக்கிக்கொண்டு போனவர்

மாமியார் துரத்திவிட்டாளாம்! யார் சொன்னது? நான் துரத்தவும் இல்லை, அவர் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. மாப்பிள்ளை ஒரு கையில் மடக்கு மேசையும் மறு கையில் பையுமாகப் படியிறங்கியதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. பார்த்தது பாதி, மீதியை அவளே சேர்த்து ஒலிபரப்பிவிட்டாள். வீட்டைவிட்டுப் போகிறவன் மேசையையா தூக்கிக்கொண்டு போவான்? மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ள மாட்டானா?

முதலில் ஆள் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் உடனே பொத்தானை அமுக்க மாட்டார். கதவில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனாலும் அப்படித்தான். "நல்லா மூச்சு விடுது" என்றோ, "பாவம், இழுத்துக்கிட்டுக் கிடக்கு" என்றோ சொல்லிவிட்டுத்தான் ஏறுவார். மனிதர்களிடம் அவ்வளவு பேச்சு கிடையாது. பேசினாலும் முடிவில் "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பு ஜாடியைத் தன் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்துவார். அதுதான் அவருடைய புகார். வீட்டோடு மாப்பிள்ளை என்று ரேடியோ இளிக்கிறாள். என் மாப்பிள்ளை எங்களோடு இருந்தால் அவளுக்கு எங்கே குத்துகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அந்த வாய் திறக்கும். மேசையை விரிப்பார். சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து, பகடைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். அந்தத் துணியை வேறு யாரும் தொடக்கூடாது. என் மகள் ஒருநாள் தெரியாமல் அதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். மனிதர் சாயங்காலம்வரை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஆட நாலு பேர் வருவார்கள். ஒரு நர்ஸ், டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவர், செல்போன் கடை நடத்தும் புருஷன் பெண்டாட்டி. மாப்பிள்ளை கதை சொல்வார்: பாழடைந்த கோட்டை, அதற்கடியில் பாதாளம், எதிரே ஒரு கதவு. "என்ன பண்றீங்க?" என்று கேட்பார். அவர்கள் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். இவ்வளவுதான் ஆட்டம். காசு கிடையாது, கிடைக்கும் புதையலும் வாயால் சொல்லும் புதையல்தான். கீழ்வீட்டில் கேட்பது "வெட்டு அவனை!", "தங்கத்தை நாலாப் பிரி!" என்பது மட்டும். கேட்டவர்கள் கதவைத் தட்டி என்னவென்று விசாரித்தால் வாய் வலிக்குமா?

அந்தப் பாதாளம் அவர் படிக்கிற காலத்தில் சிநேகிதர்களோடு இறங்கியது. அன்றைய விதிகள் வேறு. ஒரு குத்து பலமாக விழுந்தால் ஆள் காலி. இப்போது வருகிறவர்கள் பழகியது புது விதிகளில். சாகக் கிடக்கிறவனுக்கும் பிழைக்கச் சில வாய்ப்புகள் உண்டு. அதனால் பழைய பாதாளத்தைப் புது விதிகளுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். வேலையிலும் அவர் செய்வது அதுதானே, இரும்புக் கூண்டு லிஃப்டுக்குப் புதுப் பொத்தான் போர்டு மாட்டுவது! "கூண்டு பழசாவே இருக்கட்டும் அத்தை. ஏறுறவங்க புதுசு, அவங்க கைக்குப் பொத்தான் எட்டணும். அப்படித்தான் நெனைக்கிறேன்" என்பார்.

முதல் ஞாயிறே மானம் போனது. பழைய விதியில் மிருகத்தின் தோலுக்கு ஓர் எண் உண்டு. எண் குறையக் குறையத் தோல் கெட்டி. புது விதியில் எண் ஏற ஏறக் கெட்டி. அவசரத்தில் இவர் பழைய எண்களை அப்படியே போட்டுவிட்டார். எலி இரும்பாகிவிட்டது, டிராகன் காகிதமாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் ஒரு எலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நர்ஸ் டிராகனை ஒரே தட்டில் சாய்த்துவிட்டாள். "என்னண்ணே இது, ஊசி போடுற மாதிரித்தான் தொட்டேன், பொசுக்குனு போயிடுச்சு!" என்றாள். கணக்கு டீச்சரான என் மகள் துணி மடித்தபடியே, "இருபதுலேர்ந்து கழிக்கணும், சார்" என்றாள். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் 'ஜெயிச்ச சூதாடி சிரிப்பு' என்று ரேடியோ படிக்குப் படி சொல்லிக்கொண்டு போனாள்.

எழுதியதை வாரநாளில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். நான் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். "அத்தை, நீளமான நடை. கல் தரை. ஒரே இருட்டு. என்ன பண்ணுவீங்க?"

"ஒரு குடம் தண்ணிய ஊத்துவேன். எங்க உள்ள இறங்குதோ அங்க மூடி வச்ச பள்ளம்."

புது விதிப்படி பகடை உருட்டி, எண் விழுந்தால்தான் பள்ளம் கண்ணில் படுமாம். "தண்ணிய ஊத்துனது நான். கண்ணு மட்டும் பகடைக்கா?" என்று பிடித்துக்கொண்டேன். விடவில்லை. வழியைச் சரியாகச் சொல்கிறவர் உருட்ட வேண்டியதில்லை என்று கடைசியில் எழுதிக்கொண்டார்.

அவரும் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய விதியில், எதிரே பூதமே வந்தாலும் முதலில் இரண்டு பகடையை உருட்ட வேண்டும். எண் குறைவாக விழுந்தால் பூதம் பாயும். நடுவில் விழுந்தால் யோசிக்கும். அதிகமாக விழுந்தால் "வாங்க" என்று வழிவிடும். புது விதிகளில் அதைக் காணோம். "எதுக்குண்ணே இதெல்லாம்? பாத்தமா, போட்டமான்னு போயிடலாமே" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "அது அதோட வீட்டுல சும்மா இருக்கு. நாமதான் கதவத் திறந்துக்கிட்டுப் போறோம். அதோட மனசு என்னன்னு பாக்க வேணாமா?" என்றார் மாப்பிள்ளை. அந்த விதி மட்டும் பழையபடியே நின்றது.

பூதத்துக்குக் கிடைத்த மரியாதை இந்தக் கட்டடத்தில் அவருக்குக் கிடைத்ததா? குடியிருப்போர் சங்கத்துச் செயலாளரின் பெண்டாட்டி லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறியபோது, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடினவர் இவர். கூலி கேட்டாரா? நன்றி கேட்டாரா? அதே லிஃப்டுக்குள் அந்தச் செயலாளர் ஒரு தாளை ஒட்டினார். எனக்கு எழுத்து தெரியாது. "என்ன மாப்பிள்ளை போட்டிருக்கு?" என்று கேட்டேன். "நாலு பேருக்கு மேல ஏறக்கூடாதாம் அத்தை" என்றார். நானும் நம்பி, ஐந்தாவதாக நுழைந்த ரேடியோவை, "இறங்குடி, எழுதியிருக்கு பாரு" என்று இறக்கிவிட்டேன். அவள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போது விளங்கவில்லை.

விளங்கியது வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்த அன்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அப்போதுதான் என் மகள் அழுதுகொண்டே சொன்னாள்: அந்தத் தாளில் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டு, இங்கே சூதாட்டம் நடக்கிறது என்று எழுதியிருக்கிறார்களாம். அதைத்தான் மனிதர் தினமும் ஏறும்போதும் இறங்கும்போதும் படித்துக்கொண்டு, எனக்கு நாலு பேர் கணக்குச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை மேசைமேல் பகடைகளை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அந்த வாரம் யாரும் வர வேண்டாம் என்று சொல்லப் போனையும் எடுத்துவிட்டார்.

"போனை வைங்க மாப்பிள்ளை. ஊர்ல இல்லாத பூதத்துக்கெல்லாம் குரல் குடுக்குறீங்க. உங்களுக்குன்னு ஒரு குரல் கிடையாதா?"

"சண்டை எதுக்கு அத்தை..."

"யாரு சண்டை போடச் சொன்னா? கதவச் சாத்திக்கிட்டு ஆடுனா கண்டதையும்தான் பேசுவாங்க."

அவர் உப்பு ஜாடியை நகர்த்துவது மாதிரி அந்த டப்பாவைத் தன் பக்கம் ஒரு விரல்கடை நகர்த்தினார். பிறகு போனைக் கீழே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாலு பேரும் வந்தார்கள். மாப்பிள்ளை மேசையை விரிக்கவில்லை, மடக்கினபடியே ஒரு கையில் தூக்கினார், மறு கையில் பகடை டப்பா இருந்த பை. "ஆளுக்கொரு நாற்காலி எடுத்துக்குங்க" என்றார். வாசலைத் தாண்டும்போது திரும்பி, "அத்தை, நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க. கூட ஒண்ணு வேணும்" என்றார். "அப்படித்தான் நெனைக்கிறேன்" என்ற வால் அன்றைக்கு வரவில்லை.

கீழே, வண்டிகள் நிற்கும் முற்றத்தில், பட்டப்பகலில், எல்லா மாடிக்கும் தெரிகிற இடத்தில் மேசையை விரித்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதல் மாடியில் செயலாளர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். நான் கொண்டுபோன நாற்காலியை மாப்பிள்ளை வாங்கி, செயலாளர் இறங்கிவரும் படிக்கட்டுக்கு நேராகப் போட்டார். அதன் முன்னால், பூதத்தின் மனசைப் பார்க்க உருட்டுகிற அந்த இரண்டு பகடையை வைத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, அந்தக் காலி நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தார்.