பெண் பார்க்கப் போன இடத்தில் பிரபஞ்சம்

பாயான் லெப்பாஸில் ஒரு கணினிச் சிப் தொழிற்சாலை. அங்கே மைக்ராஸ்கோப்பில் குனிந்து குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்கிறேன் என்பாள் அக்கா சந்திரிகா. போதாக்குறைக்கு, தொழிற்சாலை பஸ்ஸில் போகவர இயற்பியல் உரைகளைக் கேட்டுக் கேட்டுப் பாதி புரிந்த மேதாவியாகவும் ஆகிவிட்டேன். முழுதாகப் புரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

நாற்பதை நெருங்கும் எனக்கு ஆயர் ஈத்தாமில் பெண் பார்த்தார்கள். பெயர் தனுஜா, பல் கிளினிக்கில் வேலை. படத்தைப் பார்த்தபோதே பிடித்துப்போயிற்று. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரே உதறல்.

“கோகுலா, வேலை, சாப்பாடு, இது மட்டும் பேசு. வேற எதையும் தொடாத லா,” என்று காரிலேயே எச்சரித்தாள் அக்கா.

பெரியவர்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, வழக்கம்போல எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி பால்கனிக்கு அனுப்பினார்கள்.

“உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டார் தனுஜா.

மீன் கறி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். குவாண்டம் ஈர்ப்பு என்றேன்.

அப்புறம் என்னை யார் நிறுத்துவது? பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, தூரத்து விண்மீன் கூட்டங்கள் இன்று விடும் ஒளி நம்மை எட்டவே எட்டாது என்று அளந்தேன். கரையே இல்லாமல் மூடிக்கொண்ட ஒரு பிரபஞ்சத்தை வெளியே நின்று கணக்குப் போட்டால், உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல விடை வருகிறதாம். கையில் கடிகாரத்தோடு உள்ளேயே இருந்து பார்க்கும் ஓர் ஆளைச் சேர்த்தால்தான் கணக்குக்கு உயிர் வரும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்றேன். கையை வேறு ஆட்டியதில் பூச்சட்டி ஒன்று கவிழ்ந்தது.

தனுஜா குனிந்து அதை நிமிர்த்தி வைத்தார்.

“உள்ள இருக்குற ஆளுதான் முக்கியம்னு சொல்றீங்க. ஆனா இவ்ளோ நேரம் பேசினதுல நீங்க எங்கயுமே இல்லையே?”

அசடு வழிய நின்றேன். பிறகு உண்மை தானாக வந்துவிட்டது.

“பயங்க. என்னைப் பத்திப் பேசினா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். பிரபஞ்சத்த யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.”

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவர் உள்ளே போய்விட்டார்; நானும் பின்னாலேயே ஹாலுக்குப் போனேன். காரியம் கெட்டது என்று அக்காவுக்கும் புரிந்திருக்க வேண்டும். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அதுக்குள்ள கிளம்பாதீங்கக்கா,” என்றார் தனுஜா. “அம்மா, இன்னொரு தேத்தண்ணி கலக்குங்க. அவரு இப்பத்தான் பேசவே ஆரம்பிச்சிருக்காரு.”