விளக்கேற்றாத வீட்டுக்குக் கார்த்திகைச் சீர்

கார்த்திகை, மார்கழியில் மூணாறு போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மாசி வரை பொறுத்துப் போங்கள். நான் ஊர் பார்க்கப் போகவில்லை. கேரளம் தனி மாநிலமான மறு வருஷம், திருக்கார்த்திகைக்கு, என் தங்கை தெய்வானையைப் பார்க்கப் போனேன். மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் புருஷனுக்கு ஃபாக்டரி வேலை. அவர்களுடைய ஒரே குழந்தை, மூன்று வயதுப் பெண், அந்த வருஷம் ஆடி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோயிருந்தது.

ஐப்பசியில் மாப்பிள்ளை மட்டும் தனியாக எங்கள் ஊர் பெருமாட்டிக்கு வந்தார். தோப்பில் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்த இடத்தில் வைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஊட்டுல வெளக்குப் பொருத்த உடமாட்டேங்கறா மச்சான். பொழுது போனா இருட்டுலயே குந்தீட்டிருக்கறா. நான் லாந்தரைப் பொருத்துனா எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிடறா." சின்ன வயதில் இருட்டில் கொல்லைப்பக்கம் போகக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டவள் அவள்.

எங்கள் பக்கத்தில் கார்த்திகைக்கு அண்ணன் தம்பிகள் கூடப்பிறந்தவளுக்குச் சீர் கொடுப்பார்கள். அவள் அன்றைக்கு விளக்கேற்றி அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடுவாள். அதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். தனக்காக ஏற்றமாட்டாள், புருஷனுக்காகவும் ஏற்றமாட்டாள், அண்ணனுக்காக ஏற்றாமல் இருப்பாளா? இழவு விழுந்த வருஷத்தில் சீர் கொண்டுபோகலாமா என்று பெரியவர்களைக் கேட்டேன். சின்னக் குழந்தைக்கு வருஷத் துக்கம் கிடையாது, தாராளமாகக் கொண்டுபோ என்றார்கள். பொரி, அச்சுவெல்லம், ஒரு சேலை, வைக்கோல் சுற்றிய அகல் விளக்குகள், திரி, எங்கள் தோப்புத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் ஒரு டின். எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழியைச் சொல்கிறேன். பெருமாட்டியிலிருந்து பொள்ளாச்சி சுமார் பதினைந்து மைல், பஸ் உண்டு, எட்டணா. புது நயா பைசா வந்ததிலிருந்து கண்டக்டர்களுக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. சண்டை போட்டு லாபமில்லை, போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை பதினேழு மைல். மூணாறுக்கு உடுமலையிலிருந்து காலை ஏழரைக்கு ஒரே பஸ்தான், அதனால் முந்தின நாளே போய்ச் சத்திரத்தில் படுத்துவிட வேண்டும். அங்கே மூட்டைப்பூச்சிகளுக்கு நல்ல ஆரோக்கியம்.

உடுமலை மூணாறு ஐம்பத்து மூன்று மைல், கட்டணம் இரண்டரை ரூபாய். சின்னாறு வரைக்கும் வேர்த்து வழியும். அங்கே செக்போஸ்ட்டில் ஒருவர் என் டின்னைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "வெளிச்செண்ணையோ?", தேங்காய் எண்ணெயா, என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் சாயங்காலம்தான் புரிந்தது. மறையூரில் கரும்பு ஆலையின் வாசம் பஸ்ஸுக்குள்ளேயே வரும், பத்து நிமிஷம் நிற்கிறார்கள், டீ குடிக்கலாம். திருநெல்வேலிக்கார டிரைவர் என்னுடைய ஒற்றை மேல்துண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கா போறீய? மேல போனா வெயிலே கெடையாது பாத்துக்கிடுங்க. வெறச்சுப் போயிருவிய."

"தங்கச்சி ஊட்டுக்குத்தானுங்க. அங்க கம்பளி இருக்கும்," என்றேன்.

அவர் சொன்னது போலவே ஆனது. மறையூர் தாண்டி மலை ஏற ஏற மூடுபனி இறங்கிவிட்டது. பகல் ஒரு மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு பஸ் ஊர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, பனி, மறுபடியும் தேயிலை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி விளக்கும் இல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி எட்டு மைல், புது அணைக்கட்டைத் தாண்டித் தோட்டத்து லாரியில் போனேன். வீட்டு வாசலில் இறங்கும்போது மணி நாலு.

தெய்வானை வெளியே வந்து, "வாங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான். ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீர்மூட்டையை வாங்கி மூலையில் வைத்தாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், என் தங்கையின் சேலையை வேறு யாரோ கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. அடுப்பில் நெருப்பு இருந்தது. மாடத்தில் இருந்த பித்தளை விளக்கு களிம்பேறிக் கிடந்தது. வாய் ஓயாமல் பேசுகிற நான், பஸ்ஸையும் மூட்டைப்பூச்சியையும் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் விளக்கு தெரிய ஆரம்பித்தது. நான் அகல்களைத் துடைத்து வரிசையாக வைத்து, திரி போட்டு, டின்னைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது. எங்கள் ஊரிலும் மார்கழி விடியலில் கொஞ்சம் கட்டும், வெயில் பட்டால் உருகிவிடும். இங்கே வெயிலுக்கு எங்கே போவது? கரண்டியால் தோண்டி அடுப்பில் உருக்கி ஊற்றினேன். அகல் குளிர்ந்து கிடந்ததால் திரியைச் சுற்றி மறுபடியும் கட்டிக்கொண்டது. திரியின் நுனி மட்டும் கருகி அணைந்தது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. தோப்புக்காரன் என்ற என் பவுசெல்லாம் அந்தத் திரியோடு கருகியது.

"இங்க அது நிக்காது மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "எல்லாரும் நல்லெண்ணெய்தான் ஊத்துவாங்க."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏம் புள்ள, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அண்ணனுக்கு ஒரே ஒரு வெளக்குப் பொருத்தறதுக்கு உனக்கு என்ன வந்துச்சு? கார்த்திகை இன்னிக்கு!"

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கேட்டாள். "இந்த வருஷம் நமக்குக் கார்த்திகை உண்டுங்களாண்ணா?"

"உண்டு. பெரியவங்களைக் கேட்டுட்டுத்தான் வந்தேன். சின்னக் கொழந்தைக்கு வருஷத் துக்கம் இல்லை."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. திதி இல்லை, தெவசம் இல்லை, மூணு நாள்ல முடிஞ்சு போச்சுன்னு. செத்தது எம் புள்ளதானுங்கண்ணா? ஒரு வருஷங்கூடவா அவளுக்கு இல்லை?" அவள் குரல் உயரவே இல்லை. "அவ அங்க மேட்டுல இருட்டுல கெடக்கறா. இருட்டுன்னா அவளுக்குப் பயமுங்க. நான் மட்டும் இங்க வெளக்கு வெச்சுட்டு உக்காந்திருக்கட்டுமா?"

எங்கள் வழக்கத்தில் பெரியவர்கள் செத்தால் அழுவதற்கு நாள் உண்டு, சோறு வைக்க நாள் உண்டு, விளக்கு வைக்க இடம் உண்டு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் இவள் ஆடியிலிருந்து தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பண்டிகை உண்டு என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.

"எந்திரி," என்றேன். "அங்கயே போய் வெப்போம்."

"கொழந்தையப் பொதைச்ச எடத்துல வெளக்கு வெக்கற வழக்கமில்லீங்க மச்சான்," என்று மாப்பிள்ளை பயந்துகொண்டே சொன்னார்.

"தாய்மாமன் நான் வெக்கறேன். எவன் கேக்கறான்னு பாத்துக்கலாம்."

தெய்வானை எழுந்தாள். பரணில் துழாவி ஒரு சின்னப் புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். பாதிக்கு நல்லெண்ணெய் இருந்தது. "வள்ளிக்குத் தலைக்கு வெச்சது," என்றாள். குழந்தையின் பெயரை அவள் வாய் சொல்லி நாலு மாதமாகிறது என்று மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டிலிருந்து அரை பர்லாங்குதான். தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு புல் மேடு, தலைமாட்டில் ஒரு கல். காற்று பிய்த்து எடுத்தது. மாப்பிள்ளை கம்பளியை விரித்துப் பிடித்துக்கொண்டார். நான் அகலில் எண்ணெய் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்தேன். இரண்டு குச்சி அணைந்தது, மூன்றாவது பற்றியது. "வள்ளி கண்ணு, மாமன் வந்திருக்கறேன்," என்றேன். அடுத்த தை மாதம் அவளை மடியில் உட்காரவைத்துக் காது குத்தியிருக்க வேண்டியவன் நான். அன்றைக்கு நான் வைத்த சீர் ஓர் அகல்.

தெய்வானை ஈரப் புல்லில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அணைகட்டினாள். பிறகு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம். எண்ணெய் தீர்ந்து விளக்கு மலையேறும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்தோம். வீடு இருட்டாகத்தான் இருந்தது. எனக்கான விளக்கை அவளும் ஏற்றவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

மறுநாள் காலையில் ஊருக்கு வரச் சொல்லிக் கெஞ்சினேன். "அவளை விட்டுட்டுங்களா?" என்று கேட்டாள். லாரி ஏறிவிட்டேன். மலை இறங்கி வெயில் வந்தபோது உடம்புக்குச் சுகமாக இருந்தது, அதற்காக என்மேலேயே கோபம் வந்தது. அவளைச் சரிசெய்துவிட்டு வந்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. மாப்பிள்ளை எழுதுகிறார்: வீட்டில் இன்னும் விளக்கில்லை, பொழுது சாய்ந்தால் மேட்டுக்குப் போய் ஓர் அகல் வைத்துவிட்டு, அது அணைந்தபின் வருகிறாள்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை: இரண்டு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியை எண்ணெய்த் துணியில் சுற்றுங்கள், அங்கே எல்லாம் நமுத்துப்போகும். திரும்பும் பஸ் மூணாறில் பகல் பதினொன்றுக்கு, முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள். குழந்தை போன வீட்டுக்குப் போனால், சின்னதுதானே, இன்னொன்று பிறக்கும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மாட்டுப்பட்டி அணையைத் தாண்டி இடதுபக்கச் சரிவில் சாயங்காலம் தனியாக ஒரு விளக்கு தெரிந்தால், கையில் நல்லெண்ணெய் இருந்தால், கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் உங்களோடு பேசமாட்டாள், வேண்டாமென்றும் சொல்லமாட்டாள்.