சிக்னல் எரிந்தும் நீண்ட கை

என் வீட்டுக்காரரின் பழைய பைக்கில் மகன் எல்லா விளக்கையும் எல்.இ.டி.யாக மாற்றினான். அன்றிலிருந்து இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. இன்று சேலையூர் மெக்கானிக், விளக்கைச் சிமிட்ட வைக்கும் ரிலேயை மாற்றிக் கொடுத்தார். இப்போது நிதானமாக விட்டுவிட்டு எரிகிறது.

எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

தொண்ணூறுகளில் இதே பைக்குக்கு என் கொழுந்தன் பெரிய ஹெட்லைட் பல்பு மாட்டினான். அதைப் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக நிற்கும், சிமிட்டாது. என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "அண்ணி பின்னாடிதானே உக்காரப் போறாங்க? கையக் காட்டட்டும்" என்றான்.

காட்டினேன். குரோம்பேட்டையில் ஒரு பஸ் உரசியதில் வளையல் உடைந்து மணிக்கட்டைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நானும் அவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

இன்று மகன் ஓட்ட, வீடு திரும்பும்போது கேம்ப் ரோட்டில் வலப்பக்கம் வளைந்தோம். பின்னால் வந்த ஆட்டோக்காரர் கத்தினார்: "இன்னாம்மா, சிக்னல்தான் எரிஞ்சுகினு கீதே! கைய உள்ள வையி!"

பார்த்தால் என் கை தானாக நீண்டிருக்கிறது.

மகன் வீடு வரும்வரை சிரித்தான். வண்டிக்கு ரிலே மாற்றியாயிற்று. இந்தக் கைக்கு மாற்ற ஆள் தெரிந்தால் சொல்லுங்கள். என் கொழுந்தன் மட்டும் வேண்டாம்.