எலும்பு உடையாமல் தெமோதரைக்கு

என் வீட்டுக்காரருக்கு ஈரலில் புற்றுநோய். தை மாதம் அது எலும்புக்கும் பரவிவிட்டது என்றார்கள். இடுப்பெலும்பு லேசாக அடிபட்டாலும் முறியலாமாம். இவரோ தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார். அக்காவால் நாங்கள் இருக்கும் பதுளைக்கு வர முடியாது. பஸ் ஏறினால் வாந்தி, ரயிலில் சுரங்கம் பயம். டாக்டரிடம் கேட்டேன். வலி மாத்திரை போட்டு, ரயிலில் மெதுவாகப் போகச் சொன்னார்.

காலை ஏழரைக்கு மாத்திரை. ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோவில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தச் சொன்னது நான்தான்.

"தம்பி, பின்னால நத்தை ஹோர்ன் அடிக்குது, வழி விடுங்க" என்றார் இவர். டிரைவர் சிரித்ததில் ஆட்டோ குலுங்க, எனக்கு உயிரே போயிற்று.

எட்டரை ரயில், மூன்றாம் வகுப்பு, டிக்கெட் நாற்பது ரூபாய். கொழுந்து பறிக்கையில் நான் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் பஞ்சு அடைத்து மெத்தையாகத் தைத்திருந்தேன். அதில்தான் உட்கார்ந்தார். அரை மணி நேரப் பயணம். ரயில் முதலில் தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழையும். பிறகு மலையைச் சுற்றித்தான் மேலே ஏறும்.

"ஏ புள்ள, அக்கா நம்ம தலைக்கு மேல நிக்குது. கூரையத் தட்டவா?"

அக்காவின் லயத்து வீட்டுக்கு அரை மைல் கல்படி, அது இவருக்கு ஆகாது. அக்காவே ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

"என்னடா, புதுமாப்பிள்ளை மாதிரி மெத்தையோட வந்திருக்க?"

"ஒனக்கென்ன பொறாமை? பசிக்குதுக்கா, பிரி."

ஒரு மாதமாகக் கஞ்சி தவிர எதுவும் இறங்காதவர், பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரை ரொட்டி சாப்பிட்டார். "சம்பல்ல கொச்சிக்கா கூடிப்போச்சு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

மத்தியானம் மறுபடி மாத்திரை, பிறகு திரும்பும் ரயில். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அடுத்த கிழமையும் போவமா?" என்றார். போனோம். மொத்தம் மூன்று தடவை. சித்திரையில் அவர் போய்விட்டார், தூக்கத்திலேயே.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை ஒரு மணி நேரம் முன்னால் கொடுங்கள். சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை வேண்டாம், பெட்டியின் நடுவே உட்கார வையுங்கள். முடிந்தால் இரண்டு தடவை போங்கள். முதல் தடவை நான் அவர் இடுப்பையே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாவது தடவைதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.