அம்மா பார்க்காத பட்டு

எண்பத்தேழு வயதான என் அம்மாவை நான் நாற்பத்தெட்டு நாள் ஏமாற்றினேன். தினமும் ஒரே பொய்தான்: "கூட்டம் கொறையட்டும்மா, போலாம்."

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வரதராஜப் பெருமாள் கோயில் குளத்துக்குள் அத்தி மரத்தாலான பெருமாள் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அவரை வெளியே எடுத்து, நாற்பத்தெட்டு நாள் ஊர் பார்க்க வைத்திருந்து, மறுபடி தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். அம்மா ஐந்து வயதில் தன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அடுத்தது நாற்பத்தேழு வயதில். நடுவில் நாற்பத்திரண்டு ஆண்டு ஆகிவிட்டதால், "ரெண்டு வருஷம் லேட்டா வந்தாரு" என்று பெருமாள் மேல் அவளுக்கு ஒரு குறை உண்டு. அந்த முறை, நடக்க முடியாத தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. பின்னால் செருப்புகளைத் தூக்கிக்கொண்டு நான்.

நாங்கள் நெற்றி நிறைய விபூதி பூசுகிற நெசவுக் குடும்பம். நமக்கு ஏகாம்பரநாதர் போதாதா என்று ஒருமுறை கேலி செய்தேன். "ஊருக்கு ஒரு விருந்தாளி வந்துக்கினு இருக்குறாரு. போய்ப் பாக்கலன்னா நமக்குத்தான்பா மரியாதை இல்ல" என்றாள்.

மூன்றாவது முறை அவர் எழுந்தபோது எங்கள் வீடு சத்திரமானது. ஆரணியிலிருந்தும் வாலாஜாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் உறவுகள் வந்து கூடத்தில் வரிசையாகப் படுத்தார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே காய் நறுக்கினாள், எந்தத் தெரு வழியாகப் போனால் வெயில் குறைவு என்று வழி சொன்னாள், பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லி என் மகளை விரட்டினாள். ஆயாவும் பேத்தியும் அந்த நாற்பத்தெட்டு நாளும் திருவிழாவாகவே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

நெரிசலுக்குப் பயந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிதான் உண்மை. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி தருகிறார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்பதால் அந்தப் பக்கத்தை எடுத்து ஒளித்துவைத்தேன். அவளைத் தள்ளிக்கொண்டு அந்த வெயிலில் போக எனக்குச் சோம்பல். இதைவிட மோசமானதும் ஒன்று உண்டு. நண்பர் ஒருவர் இரண்டு அனுமதிச் சீட்டு கொடுத்தார். ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மதியம் நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னொரு சீட்டு மடித்தபடி என் பர்ஸிலேயே இருந்தது.

பெருமாளை மறுபடி குளத்தில் இறக்கினார்கள். இனி அவர் வரும்போது அம்மாவுக்கு நூற்றிருபத்தேழு வயதாகியிருக்கும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ ஒரு வாரம் கழித்துக் காபி குடித்துக்கொண்டே என்னைத் தேற்றினாள்.

"எனக்காவது ரெண்டு தடவ ஆச்சு. நீ பாவம்பா, ஒண்ணோட நின்னுட்ட."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சீட்டு, ரேஷன் கடை, ஒளித்த பேப்பர் எல்லாவற்றையும் சொன்னேன்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பேன்; "உங்கப்பனுக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு" என்று என் மகளிடம் சொல்வாள். மகள் என்னைப் பார்த்து அதை அப்படியே திருப்பிக் கேட்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், இட்லியும் இறங்காது.

நான்காம் நாள் நேராக என்னைக் கேட்டாள்.

"நீ பாத்தியே, என்ன பட்டு கட்டியிருந்தாரு?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டம் என்னை இழுத்துக்கொண்டு போன வேகத்தில், சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது. ஏதோ சிவப்பு என்றேன்.

"என்ன வுட்டுட்டுப் போனதுதான் போன, ஒழுங்கா பாத்துட்டாவது வந்திருக்கக் கூடாதா?"

அப்பா நெய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கரை இழை ஓடும் நாடாக் கட்டையை வீசிக் கொடுத்துக் கொடுத்தே முப்பது வருஷத்தைக் கழித்தவள் அவள். பெருமாளுக்குத் தினம் ஒரு பட்டு சாத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். டிவியிலும் பார்த்திருந்தாள். ஆனால் டிவி நிறத்தை அவள் நம்புவதில்லை. அரக்கைப் போய்ச் சிவப்பு என்று காட்டுமாம்.

அன்றே தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தெட்டு நாளையும் வரிசையாக எழுதி, எங்கள் வீட்டில் தங்கிப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். எந்த நாள் போனீர்கள், என்ன நிறம், என்ன கரை என்று கேட்டு எழுதி, சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரோஸ் என்று படித்தால் விடமாட்டாள். தாமரை ரோஸா, வெங்காயச் சருகா என்று மறுபடி கேட்கச் சொல்வாள். ஆரணியில் இருக்கும் என் அக்கா மகன் மூன்றாம் தடவை அலுத்துக்கொண்டான்: "மாமா, நான் சாமியப் பாத்தேனா, துணிய அளந்தேனா?"

உறவு தீர்ந்ததும் ஊரைக் கேட்டேன். செவிலிமேடு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஏழு நாள் மட்டும் எவ்வளவு முயன்றும் அகப்படவில்லை. மற்ற நாள்களை அம்மா மனப்பாடமே செய்துவிட்டாள். அதனால் அவள் மனம் ஆறியதா என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த தை மாதம் ஓரிக்கையில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மாவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் பெண் வீட்டுக்காரி ஒருத்தி. பேச்சு பெருமாளிடம் வந்தது. பதினாறாம் நாள் போனதாகவும் ஆரஞ்சுப் பட்டு கட்டியிருந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள்.

"ஆரஞ்சு இல்லம்மா. மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை."

"ஆயா, நீங்களும் அன்னிக்கேவா வந்தீங்க?"

நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நான் எங்க வந்தேன்? இதோ என் புள்ள, என்ன வுட்டுட்டு இவன் மட்டும் போனான். போனவன் ஒண்ணுத்தையும் பாக்கல. அப்புறம் ஊர் பூரா கேட்டுக்கினு வந்து எனக்குச் சொன்னான்."

பந்தி முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கடிக்க முடியாத தன் வடையை எடுத்து என் இலையில் வைத்தாள்.

சென்ற ஆண்டு தொண்ணூற்றிரண்டாம் வயதில் அவள் போய்ச் சேரும்வரை, அந்தக் கதையைப் பல கல்யாணங்களில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.