ரவிக்கை அணியாத அம்மாவின் வெட்கம்

அம்மாவுக்கு வெட்கம் என்பதே கிடையாது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மாவின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்கள் என்னை அடிக்க வருமுன் சொல்லிவிடுகிறேன்: அப்படி நம்பிய மடையன் நான் ஒருவன்தான்.

அம்மா வேப்பனப்பள்ளிப் பக்கம் பிறந்தவர். அவர் வளர்ந்த நாளில் அங்கே பெண்கள் பலர் ரவிக்கை அணிந்ததில்லை. சேலையை மாரோடு இறுக்கிச் சுற்றி முந்தானையை இடுப்பில் செருகினால் உடுப்பு முடிந்தது. அப்பா இறந்தபோது எனக்கு ஆறு வயது, தங்கைக்கு மூன்று. அந்த உடுப்போடுதான் மாந்தோப்புகளில் கூடை சுமந்து எங்களை ஆளாக்கினார். தான் பசியோடு படுத்த நாளிலும் வாசலுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.

முதுமையில் ஓசூருக்கு, எங்கள் காலனி வீட்டுக்கு அழைத்து வந்தேன். பிடித்தது பீதி. கம்பெனி சூப்பர்வைசர் வந்தால் என்ன நினைப்பார்? மனைவி நைட்டிமேல் துண்டு போட்டுப் பால் வாங்கப் போவதும், மகள் பேன்ட் சட்டையில் வேலைக்குப் போவதும் எனக்கு நாகரிகம். அம்மாவின் வெறுந்தோள் மட்டும் உறுத்தியது. அளவு கொடுக்க மறுத்தவருக்கு உத்தேசமாக ஆறு ரவிக்கை தைத்து வந்தேன். அதில் இரண்டு எனக்கே சரியாக இருந்திருக்கும்.

"இத மாட்டிக்கினு எப்படிடா கையத் தூக்கறது? நீயே போட்டுக்க" என்றார்.

சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. உடனே அறுவை செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். அவர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தபோது அம்மா கூசவே இல்லை. ஆனால் முழங்கால்வரை மட்டுமே வரும், முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியைக் கண்டதும் சேலையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"முட்டிக்கு மேல துணி ஏறுனா அப்புறம் நான் என்னடா பொம்பள? உங்கப்பனே பாத்ததில்ல."

"உசுரு முக்கியமா, முட்டி முக்கியமாம்மா?"

"கத்தாத. பக்கத்து கட்டில்ல இருக்கறவங்க பாக்கறாங்க."

இரண்டு நாள் கத்தினேன். அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று மிரட்டிவிட்டு, கேன்டீனில் போய் மூன்று இட்லி தின்றேன். காலில் விழப் போனேன்; சேலையை இன்னும் கீழே இழுத்துவிட்டார்.

"அண்ணா, நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேளேன்" என்றாள் தங்கை.

"இதையெல்லாம் எப்படிக் கேக்கறது? நம்மள காட்டுவாசின்னு நெனப்பாங்க."

மூன்றாம் நாள் வேறு வழியின்றிக் கேட்டேன். கன்னடக்காரரான அந்த நர்ஸம்மா சிரித்தார்.

"இஷ்டேனா சார், இவ்ளோதானா? சேலையோடவே வரட்டும். மயக்க மருந்து குடுத்த அப்புறம் லேடீஸ் நாங்க மாத்திக்கிறோம். மொதல் நாளே கேக்கலாம்தானே?"

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சரி" என்றார். மறுநாள் காலைக்கு நேரம் குறித்தார்கள்.

அந்த நர்ஸம்மாவுக்கும், இரத்தம் கொடுக்க வேலைக்கு லீவு போட்டு வந்த ஷிஃப்ட் நண்பர்களுக்கும், மூன்று நாளும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

நர்ஸம்மாவிடம் கேட்ட அந்த மூன்றாம் நாள் மாலையே அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். ஏழு மணிக்கு இறந்தார். அறுவை சிகிச்சை நடக்கவில்லை.